குளிருக்கு முன்பே சுட்ட கழுத்து

மார்கழி 21, திங்கள்

காலையில் பனி. வயலே தெரியவில்லை. பாத்திமா போன் செய்தாள். முன்பு எங்கள் மாடியில் குடியிருந்த கூத்தாநல்லூர்ப் பெண், இப்போது தஞ்சாவூரில் மருத்துவ ஆராய்ச்சி மாணவி. ஆய்வுக்கு ஆள் வேண்டுமாம். உடம்பில் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று. குளிர்ந்தால் எரிந்து சூடு தருமாம். குழந்தைகளுக்கு நிறைய, நமக்குக் கழுத்தடியில் கொஞ்சம்.

"கதிரியக்க ஊசியெல்லாம் கெடையாதுக்கா. வெப்பக் கேமரா, அப்புறம் எம்.ஆர்.ஐ. பால் குடுக்குறவங்களும் வரலாம்."

சரி என்றுவிட்டேன். போனை வைத்ததும் படபடப்பு. வீட்டுக்காரர் சிரிக்கிறார். "ஒனக்கு காஸ் அடுப்பு பத்த வைக்கவே பயம்." பாப்பா பிறந்து ஒரு வருஷமாக இப்படித்தான்.

வாங்க வேண்டியவை: உளுந்து, பாப்பாவுக்கு சாக்ஸ், தலைவலித் தைலம்.

மார்கழி 24, வியாழன்

பஸ்ஸில் நின்றுகொண்டே தஞ்சாவூர். பாப்பா அவரிடம்.

ஏ.சி. போடாத அறை. முதலில் சும்மா ஒரு படம், பிறகு குளிர்ந்த தண்ணீர் ஓடும் சட்டை மாட்டி இன்னொன்று. முதல் படத்திலேயே கழுத்துப்பட்டை எலும்புக்கு மேல் இரண்டு பக்கமும் சிவப்பு. சிவப்பு என்றால் சூடாம்.

"தைலம் தேச்சீங்களாக்கா?"

"இன்னிக்குத் தேய்க்கல."

நம்பவில்லை. சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, மறுபடி எடுத்தாள். அதே சிவப்பு. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவள் போய் ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள். அவர் பிரஷர் பார்த்தார். ரொம்ப அதிகம். நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். குளிர்ச்சட்டை மாட்டவே இல்லை.

மார்கழி 28, திங்கள்

சிறுநீர் சோதனை. வயிற்றுக்கு எம்.ஆர்.ஐ., குழாய்க்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. வலது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பியில் கட்டி.

டாக்டரம்மா: "பயந்தா ஒடம்புல ஒரு ஹார்மோன் சுரக்குமே, அதைத்தான் இந்தக் கட்டி சும்மாவே கொட்டுதும்மா. குளிரே இல்லாம கொழுப்பு எரியுறது, படபடப்பு, தலைவலி எல்லாம் அதனாலதான். பெரும்பாலும் ஆபத்தில்லாத கட்டியாத்தான் இருக்கும். எடுத்துடலாம்."

பெரும்பாலும். அந்த ஒரு சொல்தான் காதிலேயே நிற்கிறது. வீட்டில் அவர் இப்போது கிண்டல் செய்வதில்லை.

தை 3, சனி

பொங்கல் வந்தது, போனது. கட்டி கொட்டுவது உடம்பில் வேலை செய்யாமல் தடுக்க மாத்திரை தொடங்கியாயிற்று. ஆபரேஷன் அதற்குப் பிறகு. மாத்திரை பாலில் கலக்குமாம், தாய்ப்பால் நிறுத்தச் சொன்னார்கள். பாப்பா புட்டியைத் தள்ளிவிட்டு என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுக்கிறாள். பால் கட்டிக்கொண்டு மார் வலி. இரண்டு பேரும் அழுதோம்.

படபடப்பு மட்டும் நின்றுவிட்டது. நிம்மதியாக இல்லை. இத்தனை நாள் பயந்தது நானா, கட்டியா? அதை எடுத்துவிட்டால் பாப்பாவுக்காகப் பயப்பட எனக்குள் யார் இருப்பார்கள்? இதை டாக்டரம்மாவிடம் எப்படிக் கேட்பது.

தை 9, வெள்ளி

அறுவடை மெஷின் வந்தது. அவர் வயலில். சாதம் வடித்துவிட்டுத் திரும்பினால் பாப்பா இல்லை. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது.

கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால் படியில் உட்கார்ந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தாள். எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. தூக்கிக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் கை, கால், தலை எல்லாம் தடவித் தடவிப் பார்த்தேன். பிறகு என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். மாத்திரை புண்ணியத்தில் அது நிதானமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் வரப்பில் ஓடி வந்தார். "பயந்துட்டியா?"

"ஆமாங்க. நான்தான் பயந்தேன்."