கோயில் வாசலில் பிரிக்க வேண்டிய பூச்செண்டு

ஜவ்வரிசிக் கஞ்சி வாடை வீடு முழுக்க இருக்கிறது. இரண்டு நாளாக எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உன் பூச்செண்டைப் பூப் பூவாகக் கழற்றித் துவைத்து, கஞ்சியில் முக்கி, மாடிக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன். மணிக்கொரு தரம் படியேறிப் போய்த் தொட்டுப் பார்க்கிறேன். முட்டி வலிக்கிறது. ஆனாலும் கீழே வந்து உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

உன் மகள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். நீ போய் ஒரு வருஷம் கழிந்து இப்போதுதான் உன் பெட்டியைத் திறந்தாளாம். "பெரியம்மா, தம்பிக்கு இந்த வாரம் கல்யாணம். பொண்ணு கையில அம்மாவோட பூவத்தான் குடுக்கணும்னு ஆசைப்படுதோம். அழுக்கேறிப் போயிருக்கு. நீங்கதான செஞ்சீய, நீங்களே அலசி, புதுத்தாள் சுத்திக் குடுங்க" என்றாள். நான் வாங்கி வைத்துக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்தச் செண்டை நான் மறுபடி கையில் எடுத்து.

எண்பதுகளில் ராஜபாளையத்து நூல் மில்லில் கூம்புக் கட்டையில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங் செக்‌ஷனில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து ஓடி வருவேன். நீ மில்லுக்குப் பின்தெருவிலிருந்து ஆடி அசைந்து வருவாய். ஒவ்வொரு கோனுக்குள்ளும் சுற்றியவளின் நம்பர் சீட்டைப் போட வேண்டும். நூலில் குறை இருந்தால் சீட்டைப் பார்த்து ஆளைப் பிடித்துவிடுவார்கள். நூல் அறுந்தால் நான் சட்டென்று முடிச்சுப் போட்டு அடுத்த கோனுக்குப் பாய்வேன். "செத்த பொறு ஏட்டி, கோன் ஓடியா போவுது?" என்பாய். தொளதொளவென்று நான் சுற்றிய கோன்களை மேஸ்திரி வருவதற்குள் எடுத்து மறுபடி சுற்றி, என் சீட்டையே உள்ளே போட்டு வைப்பாய். எனக்கு அது பிடிக்காது. என் கோனை நீ எதற்குத் தொடுகிறாய் என்று சண்டைக்கு வருவேன்.

எட்டு மணி நேரம் நூலோடு மல்லுக்கட்டியது போதாதென்று சாப்பாட்டு நேரத்திலும் குரோஷா ஊசியும் நூல்பந்துமாக உட்காருவாய். பார்த்துப் பார்த்து எனக்கும் கை வந்துவிட்டது. உன் கல்யாணம் நிச்சயமானதும், உங்கள் மாதா கோயிலில் மணப்பெண் கையில் பிடித்து நடக்கிற பூச்செண்டை நூலிலேயே நான் செய்கிறேன் என்று வாயை விட்டேன். உன் வருங்கால மாமியார், "நூல் பூவா? ரோசாப்பூ கெடைக்காத ஊரா இது?" என்று கேட்டாராம். "என் சேக்காளி செய்யுதா. அதத்தான் பிடிப்பேன்" என்று நீ ஒரே பிடியாக நின்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

பன்னிரண்டு வெள்ளை ரோஜா. காம்புக்குக் கட்டுக்கம்பியில் பச்சை நூல் சுற்றினேன். பின்னிய வரைக்கும் பழுதில்லை. இதழ் விறைப்பாக நிற்கக் கஞ்சி போட்டேன் பார், அன்றைக்குப் பிடித்தது ஐப்பசி அடைமழை. செண்பகத்தோப்பு மலையே இரண்டு நாள் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுப்படியில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. உள்மடிப்பில் விரல் விட்டுப் பார்க்கப் பொறுமை இல்லை. கண்ணாடித் தாளை விரித்து, செண்டைக் குறுக்காகக் கிடத்தி, இரண்டு பக்கமும் முன்னால் மடித்து, காம்புப் பக்கம் கொசுவி, சிவப்பு ரிப்பனால் இறுக்கிக் கட்டினேன். மேலே தூசி படக்கூடாதென்று வாயையும் மடித்து டேப் ஒட்டினேன். காற்றுப் போக ஒரு துளை விடவில்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் மில் வாசலில் உன் கையில் கொடுத்தேன்.

"பிரிச்சுப் பாக்கட்டா?"

"பிரிச்சேன்னா பேச மாட்டேன். கல்யாணத்தன்னைக்குக் கோயில் வாசல்ல, என் கண்ணு முன்னால பிரிக்கணும்."

"சரிட்டி, ஒன் இஷ்டம்" என்று கையடித்துக் கொடுத்தாய்.

கல்யாணத்தன்று முதல் பஸ்ஸில் வந்து கோயில் வாசலில் நின்றேன். ரிப்பனை வெட்டக் கைப்பையில் சின்னக் கத்தரிக்கோல்கூட வைத்திருந்தேன். நீ காரைவிட்டு இறங்கினாய். உன் கையில் செண்டு இருந்தது. தாளும் இல்லை, ரிப்பனும் இல்லை. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நீ கூட்டத்தில் என்னைத் தேடினாய். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். கிட்டே வரவில்லை, பூவையும் பார்க்கவில்லை. பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் செக்‌ஷன் முழுக்க, "அவளுக்குப் பொறுமையே கெடையாது, சொன்ன சொல்லு நிக்காது" என்று சொல்லித் தீர்த்தேன். வாக்கப்பட்டுப் போன கோயம்புத்தூரிலிருந்து நீ இரண்டு கடிதம் போட்டாய். நான் பதில் போடவில்லை.

தொண்ணூறுகளில் ஒருநாள் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தோமே. இந்த மகள் உன் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மகன் இடுப்பில் இருந்தான். நலம்கூட விசாரிக்காமல், "ஏன் பிரிச்ச?" என்றுதான் கேட்டேன். நீ சிரித்தாய். "ஆசையா இருந்துச்சுட்டி, பொறுக்க முடியல. ஒங்கூடச் சேந்து எனக்கும் அவசரபுத்தி வந்துட்டு" என்றாய். நானும் பெரிய மனசு பண்ணி மன்னித்தேன். அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும், "அவசரக்காரி வந்துட்டா" என்று கேலி செய்வேன். நீயும் சிரித்துக்கொண்டே நிற்பாய்.

முந்தாநாள் செண்டை அவிழ்த்துப் பூக்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். நான் பின்னிய பூவின் அடியில் நூலை முடிச்சுப் போட்டு நறுக்கியிருப்பேன். நீ முடிச்சே போடமாட்டாய், நுனியை இதழுக்குள் இழுத்து மறைத்துவிடுவாய். பன்னிரண்டில் மூன்றில்தான் முடிச்சு இருந்தது. அந்த மூன்றிலும் உள்மடிப்பில் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளி. மற்ற ஒன்பதும் உன் கை.

உன் மகளுக்குப் போன் போட்டேன். "அம்மா இந்தப் பூவப் பத்தி எதாவது சொன்னாளா?"

"கல்யாணத்துக்கு முந்தின ரெண்டு நாளும் பூப் பின்னிக்கிட்டே இருந்தாவளாம், பெரியம்மா. சாப்பிடக்கூட எந்திரிக்கலன்னு அம்மாச்சி ஏசுவாவ. தாளுக்குள்ள தண்ணி கோத்து, பூசணம் பூத்து, வாடை வந்துட்டாம். ஏன், அது ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் மேல் கோபமும் வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேனா, அதுவும் தெரியவில்லை. தாள் மட்டமென்று கடைக்காரனை ஏசியிருப்பேன். உன் மாமியார் காதில் விழுகிற மாதிரி ஏசியிருப்பேன். உனக்கு என்னைத் தெரியும். அந்த மூன்றையாவது நீ தூக்கிப் போட்டிருக்கலாம். புள்ளியை உள்ளே திருப்பிக் கட்டி, நான் செய்த பூவென்று எல்லாரிடமும் சொல்லி, கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

நம் செக்‌ஷனில் இன்னும் இரண்டு பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள். இருவருக்கும் நேற்று போன் பண்ணி, அவசரக்காரி நீ இல்லை, நான்தான் என்று சொன்னேன். ஒருத்தி, "அது எங்களுக்கு அப்பமே தெரியுமே" என்றாள்.

கண்ணாடித் தாளும் ரிப்பனும் மேஜைமேல் இருக்கின்றன. கொண்டுபோக நாளைக் காலையில் கார் வருகிறது. உன் மகள் இன்றைக்கு மூன்றாவது தரம் கூப்பிட்டாள்.

"பெரியம்மா, சுத்தியாச்சா?"

"இல்லட்டி. உள்மடிப்புல இன்னும் ஈரம் இருக்கு. செத்த பொறு."