மஞ்சள் பட்டை

14.5.07, திங்கள்
காலையிலேயே மண்டையைப் பிளக்கும் வெயில். நெட் சென்டரில் ஒரு ஃபேன் அவுட்.

மூன்றாம் கேபினில் கான்வென்ட் சிஸ்டர் ஒருவர் மெயில் பார்க்கும்போது திரை முழுக்க அசிங்க விளம்பரம். ஒன்றை மூடினால் நாலு வருகிறது. பாதியிலேயே எழுந்து போய்விட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பொம்பளப் பிள்ளைகள் நம்பி வருகிற சென்டர் என்று பேர் வேறு. கர்மம்.

16.5.07, புதன்
பள்ளியில் கம்ப்யூட்டர் எடுக்கும் லூர்து சார் சிடியோடு வந்தார். ஆறு மெஷினிலும் புது பிரவுசர், நரி படம் போட்டது. தானாகத் திறக்கிற ஜன்னல் எதையும் விடாதாம். தடுத்தால் மேலே ஒரு மஞ்சள் பட்டை காட்டும், அவ்வளவுதான்.

"நெட்டுங்கிறது ஒரு கம்பெனிக்குப் பட்டா போட்டதில்லம்மா. எந்த பிரவுசர்ல வந்தாலும் தெறக்கணும்" என்றார்.

பழைய பிரவுசரை எல்லா மெஷினிலும் நானே மறைத்துவைத்தேன். ஒழிந்தது சனியன்.

வாங்க வேண்டியது: பிரிண்டர் மை, மெழுகுவர்த்தி, கேபினுக்குத் திரைத்துணி.

18.5.07, வெள்ளி
ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து முத்துலட்சுமி, கூட அவள் அப்பா. பூ விவசாயம். நர்சிங் கல்லூரிக்கு நெட்டில் விண்ணப்பம், இன்றே கடைசி நாள்.

"சீட்டு கெடைக்கலேன்னா பஞ்சு மில்லு வேலதாம்மா, ஹாஸ்டல்லயே தங்கி. மூணு வருசத்துக்குப் பேசி வச்சிருக்கேன்" என்றார் அப்பா. அந்தப் பெண் தலையே தூக்கவில்லை. ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் அடித்தாள்.

கடைசியில் கூப்பிட்டாள். "அக்கா, மேல மஞ்சளா என்னமோ வருது, செத்த பாக்குறீங்களா?"

நான் போனில். திரைத்துணி என்ன நிறம் என்று என் அக்காவிடம் பேச்சு. "அது அசிங்க விளம்பரத்தத் தடுக்குதும்மா. தொடாத. முடிஞ்சுச்சுல்ல, கெளம்பு."

எழுந்துகூடப் பார்க்கவில்லை. பச்சைத் துணி என்று முடிவானது.

12.6.07, செவ்வாய்
கரண்ட் இல்லை. புழுக்கம்.

கல்லூரியிலிருந்து கடிதம் வரவில்லை என்று முத்துலட்சுமியும் அப்பாவும் வந்தார்கள். கல்லூரிக்கு போன் போட்டேன். அந்தப் பெயரில் விண்ணப்பமே இல்லையாம். "கடைசியா ஒரு சின்ன ஜன்னல் தெறக்கும் மேடம். அதுல சம்மதம் குடுத்தாத்தான் வந்து சேரும்." இனி ஒன்றும் செய்ய முடியாதாம்.

போனை வைத்தேன். "வரலையாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

அவர்கள் போனபின் கரண்ட் வந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில், நான் மறைத்துவைத்த பழைய பிரவுசரின் பெயர். அதில் மட்டுமே இயங்குமாம். எவன் படிப்பான் அதை?

லூர்து சார் கொதிக்கிறார். "ஒரே பிரவுசருக்குன்னு பக்கம் செஞ்சது அவங்க தப்பு." சரி சார். மஞ்சள் பட்டையைத் தொடாதே என்றது யார்?

15.6.07, வெள்ளி
மூட்டமாகவே இருந்தது, மழை இல்லை.

அப்பா மட்டும் வந்தார். பை நிறைய மல்லிகை. திங்கட்கிழமை அவளைக் கூட்டிப்போக மில் வேன் வருகிறதாம்.

"கழுத எதையோ மாத்தி அமுக்கிருச்சும்மா. நீங்க அம்புட்டு ஒத்தாச பண்ணியும், அந்தக்காதான் தொடாதன்னுச்சுன்னு ஒங்க மேலயே பழியப் போடுறா. வாயிலயே ரெண்டு போட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"காப்பி குடிக்கிறீங்களாண்ணே?"