வெறுப்பில்லாமல், பயமில்லாமல்

செலியமேடு, பாகூர் கொம்யூன்
பிரெஞ்சு ராஜ்ஜியம்
2 மார்ச் 1936

என் அன்பான அண்ணனுக்கு,

லீதியாள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள் என்று மதினியிடம் சொல்லுங்கள். மூன்று கடிதம் போட்டும் ஒரு வரி பதில் இல்லை. போதகர் பட்டம் கிடைத்ததும் கை மடங்கிப் போயிற்றோ? ரங்கூனுக்குப் போனவர்களுக்குக்கூட வீட்டிலிருந்து மாதம் ஒரு கடிதம் போகிறது. நான் கடலூருக்கு அடுத்தாற்போல்தான் இருக்கிறேன். ஆனாலும் இது அந்நிய ராஜ்ஜியம். சுங்கச் சாவடியில் என் பெட்டியைக் கொட்டி, நீங்கள் கொடுத்த வேதப்புத்தகத்தை உதறிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். அதற்குள் புகையிலை இருக்கும் என்று நினைத்தார்களாம்!

பள்ளிக்கூடம் சேரி நடுவில் ஒரு கீற்றுக் கொட்டகை. பிள்ளைகள் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். "இன்னா டீச்சர், பாட்டு பாடுற மாதிரி பேசுற?" என்று ஒருத்தி கேட்டாள். அவள்தான் செங்கமலம். பத்து வயது. உலகநாதன் என்ற பெரிய மிராசுதார் வீட்டு மாட்டுக் கொட்டிலில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா காசம்மாள் அதே பண்ணையில் கூலி. தினமும் போய் வாசலில் உட்கார்ந்து வாதாடித்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வைத்தேன். இப்போது அவள் மணலில் தன் பெயரை எழுதிவிட்டு யாரையும் மிதிக்க விடுவதில்லை.

நேற்று ஆதிமூலம் வந்தான். பண்ணையின் காரியக்காரன் அவன், கூலிகளை வேலை வாங்குகிறவன். புளியம் மிளாறோடு வகுப்புக்குள் புகுந்து, பண்ணைப் பிள்ளைகள் யார் யார் என்று கேட்டுக் கேட்டு அடித்தான். ஒரு சிறுவனுக்குக் காது கிழிந்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! மிளாறைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்து அவன் காலடியில் போட்டேன். பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அவன் திரும்பிப் போய்விட்டான். குட்டக் குட்டக் குனிகிறவனும் மடையன் என்று நீங்கள்தானே சொல்லித் தருவீர்கள்.

பதில் போடாவிட்டால் மதினிக்கு மட்டும்தான் இனிக் கடிதம்.

உங்கள் தங்கை
லீதியாள்


ஆனந்தவிளை, திருநெல்வேலி ஜில்லா
7 மார்ச் 1936

ஏட்டி லீதியாள்,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. எழுதாதது என் தப்புதான். ஈஸ்டருக்கு முந்தின இந்த லெந்து காலத்தில் மூன்று சபைக்கும் நான் ஒருவனே ஓட வேண்டியிருக்கிறது. மதினி உனக்குப் பனங்கற்கண்டு கட்டி வைத்திருக்கிறாள்.

உனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான். ஏழு வயதில் பனங்காட்டில் ஒருவன் காதைக் கடித்துவிட்டு வந்தவள் நீ. அவன் அம்மாவுக்கு நான்தான் போய்ப் பதில் சொன்னேன். செலியமேட்டில் உனக்காகப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? மிளாறை முறித்தது போகட்டும். பிள்ளைகள் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னைக் கலக்குகிறது. அடிபட்டவன் மறந்தாலும் மறப்பான், நாலு பேர் சிரிக்க நின்றவன் மறக்கமாட்டான்.

அந்த ஆளிடம் போய் நல்ல வார்த்தை சொல்லிவிடு. இது என் கட்டளை என்று வைத்துக்கொள். நீ அங்கே போயிருப்பது சுவிசேஷம் சொல்ல, சண்டை பிடிக்க அல்ல.

அண்ணன்
மாசில்லாமணி


செலியமேடு
12 மார்ச் 1936

அண்ணனுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது கை முழங்கைக்குக் கீழே முறிந்துவிட்டது. என் கை போகட்டும், காசம்மாள் செத்துப்போனாள்.

முந்தாநாள் காலை. ஆதிமூலத்தோடு மூன்று பேர் தடியோடு வந்தார்கள். அவன் கையில் மண்வெட்டிக் காம்பு இருந்தது. செங்கமலத்தை வெளியே அனுப்பு என்றான். நான் வாசலை மறித்து நின்றேன். காம்பை ஓங்கி என் கையில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் விழுந்தேன். பிள்ளை என் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டது.

அதற்குள் யாரோ போய்ச் சொல்லி, காசம்மாள் வயல் சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். அவன் காலைப் பிடித்தாள். "புள்ள படிக்கட்டும் சாமி, அவ வேலையும் சேர்த்து நானே செய்யறேன்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவன் அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு கொட்டகைக்கு முன்னால் இழுத்துப்போட்டான். முதுகில், இடுப்பில், பிறகு தலையில். காம்பு உடையும் வரைக்கும் அடித்தான். உடைந்த பிறகு காலால் மிதித்தான். நான் எழுந்து மணியடிக்கிற இரும்புத் துண்டை எடுத்து அவன் முதுகில் அடித்தேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மற்றவர்கள் கூரைக்குத் தீ வைத்தார்கள். பிள்ளைகள் கீற்றைப் பிய்த்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினார்கள்.

காசம்மாளின் ஒரு பக்க முகம் முகமாகவே இல்லை. செங்கமலம் பாவாடையால் அம்மா கண்ணில் இருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தது. பாகூர் கடைக்காரர் மைதீன் பிச்சை தன் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டு புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அரியாங்குப்பம் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்ததால் ஆதிமூலத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளை என்னோடு இருக்கிறது. இன்னும் அழவில்லை.

நீங்கள் சொன்னபடி நான் போய் நல்ல வார்த்தை சொல்லவில்லை. கடிதம் வந்து சேர்ந்ததே அன்று சாயங்காலம்தான். வந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

லீதியாள்


ஆனந்தவிளை
16 மார்ச் 1936

என் தங்கச்சி,

உன் கடிதத்தை மதினிக்கு வாசிக்க ஆரம்பித்து முடிக்க முடியவில்லை. அவளே வாங்கி வாசித்தாள். நேற்று சபையில் காசம்மாளின் பெயரைச் சொல்லி ஜெபித்தோம்.

உடனே புறப்பட்டு வா. உன்னை அங்கே அனுப்பிய மிஷன் சங்கத்துக் காரியதரிசி ஐயாவைப் பார்த்தேன். அந்நிய ராஜ்ஜியத்துக் கோர்ட்டில் நம் ஊழியர் கால் வைக்கக் கூடாது, வைத்தால் நம் பள்ளிக்கூடங்களையெல்லாம் மூடிவிடுவார்கள் என்கிறார். பழி வாங்குவது ஆண்டவர் பாடு, நம் பாடு மன்னிப்பது. சொல்வது சுலபம் என்று நீ முறைப்பது எனக்குத் தெரிகிறது. ஆனாலும் சொல்ல வேண்டியது என் வேலை. ரயிலுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்


செலியமேடு
21 மார்ச் 1936

அண்ணனுக்கு,

பணத்துக்கு வந்தனம். பிள்ளைக்கு இரண்டு பாவாடை வாங்கினேன். நான் வரவில்லை.

காரியதரிசி ஐயா கால் வைக்காதே என்கிறார். நான் கழுத்தையே வைத்தாகிவிட்டது. கேளுங்கள். அன்று அங்கே சேரி முழுக்க நின்றது. இன்று பார்த்தவர் ஒருவரும் இல்லை. உலகநாதனின் சம்பந்திதான் இங்கே மேர், அதாவது ஊருக்கு அதிபதி. சாட்சி சொன்னால் குடிசை இருக்காது என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள். காசம்மாளின் கூடப்பிறந்த அண்ணன் சுப்புராயன் இருக்கிறானே, அவனிடம் போய்க் கெஞ்சினேன். "நான் இன்னாத்தப் பாத்தேன்? எனக்கும் நாலு புள்ள கீது டீச்சர்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனை என்ன சொல்ல. செங்கமலம் சின்னப் பிள்ளை என்பதால் இந்த ராஜ்ஜியத்துச் சட்டப்படி அவளுக்குச் சத்தியம் கிடையாதாம். சொன்னாலும் எடையில்லை. மிச்சம் நான் ஒருத்தி. மார்ச் கடைசியில் கோர்ட் கூடுகிறது.

மன்னிக்கச் சொன்னீர்கள். மன்னிக்கப் போனேன், அண்ணா. சிறைக்கே போனேன். சிப்பாய் பக்கத்தில் நிற்க, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, உன்னை ஆண்டவர் மன்னிக்கட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "வெளிய வந்ததும் அந்தக் குட்டியக் கூட்டிட்டுப் போறேன் டீச்சர், பத்திரமா வெச்சிரு" என்றான். திறந்த வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து பிள்ளை என் பாயில் என்னை ஒட்டிக்கொண்டு படுக்கிறது.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இங்கே சாட்சி சொல்கிறவர் கையைத் தூக்கி, வெறுப்பில்லாமலும் பயமில்லாமலும் உண்மை முழுவதையும் சொல்கிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். கோர்ட்டில் பிரெஞ்சைத் தமிழாக்குகிற துபாசி வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார். உண்மை என்னிடம் இருக்கிறது. ஆனால் வெறுப்பில்லாமல் என்று நான் எந்த வாயால் சொல்வேன்? அவனை வெறுக்கிறேன். சோறு தின்னும்போது வெறுக்கிறேன், பரமண்டல ஜெபம் சொல்லும்போது வெறுக்கிறேன். அவன் எலும்பு முறிகிற சத்தத்தை நான் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. எல்லாரும் சொல்லுகிற வார்த்தைதானே அம்மா, நீயும் சொல்லிவிட்டுப் போ என்கிறார் துபாசி. எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. அப்படி வளர்த்தவர் நீங்கள். என்ன செய்யட்டும்?

லீதியாள்


ஆனந்தவிளை
26 மார்ச் 1936

லீதியாளுக்கு,

இரண்டு நாள் யோசித்து எழுதுகிறேன். தங்கை என்று பார்த்து எழுதினால் ஒரு பதில் வருகிறது, போதகனாக எழுதினால் வேறு பதில் வருகிறது. நீ போதகனைத்தான் கேட்டிருக்கிறாய்.

வெறுப்பு இருக்கும்போது இல்லை என்று ஆண்டவரைச் சாட்சி வைத்துச் சொன்னால் அது பொய்ச்சத்தியம். ஒரு உயிருக்காகச் சொன்னாலும் பொய்ச்சத்தியம்தான். அந்த நாளுக்குள் உன் நெஞ்சு மாறினால் போய்ச் சொல். மாறாவிட்டால் நீதிபதியிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு இறங்கிவிடு. பிள்ளையை இங்கே கூட்டி வா, நாங்கள் வளர்க்கிறோம்.

மீறிச் செய்தால், மனந்திரும்பினேன் என்று நீ சொல்கிற வரைக்கும் கோயிலில் என் கையால் உனக்குத் திருவிருந்து அப்பம் கொடுக்க முடியாது. யாருக்கும் வளைக்காததை உனக்கு வளைத்தால் நான் போதகன் இல்லை. இதை எழுத என்ன பாடுபட்டேன் என்று மதினிக்குத் தெரியும்.

மாசில்லாமணி


புதுச்சேரி
2 ஏப்ரல் 1936

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கோர்ட்டுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. பிள்ளையைக் கூட்டி வா என்றீர்களே, அதற்கே உங்கள் காலில் விழலாம். ஆனால் ஆதிமூலம் வெளியே வந்தால் செங்கமலத்துக்குப் பதில் இன்னொரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கும் ஒரு அம்மா இருப்பாள்.

நடந்ததைச் சொல்கிறேன். உலகநாதன் முன் வரிசையில் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். வலது கையைத் தூக்கச் சொன்னார்கள். கட்டுப் போட்ட கை எழும்பவில்லை. இடது கையைத் தூக்கினேன். நீதிபதி பிரெஞ்சில் சொல்ல, துபாசி தமிழில் சொன்னார். வெறுப்பில்லாமலும் பயமில்லாமலும். கோர்ட்டே என் வாயைப் பார்த்தது. ஆதிமூலம் கூண்டில் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருந்தான். சத்தியம் செய்கிறேன் என்றேன்.

பிறகு நடந்தது முழுவதையும் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. காசம்மாள் கேட்டதை அவள் பேச்சிலேயே சொன்னேன். தலையில் எத்தனை அடி என்று கேட்டார்கள். எண்ணுகிற நிலையில் நான் இல்லை என்றேன்.

அவன் பக்கத்து வக்கீல் கெட்டிக்காரர். சுற்றி வளைக்காமல் நேராக அங்கேயே வந்தார். "நீ வேதம் சொல்றவ, பொய் சொல்லமாட்ட. இந்த ஆளை நீ வெறுக்கிறியா, இல்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பகையில் பேசுகிறாள் என்று என் சாட்சியைத் தூக்கி எறிந்திருப்பார்கள். செங்கமலம் கதவு ஓரத்தில் மைதீன் பிச்சை கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் ஆதிமூலத்தின் முகத்தைப் பார்த்து, "இல்லை" என்றேன்.

பன்னிரண்டு வருஷம் கடுங்காவல். வெளியே வந்த பிறகு பிள்ளை முதல்முறையாக அழுதது. தெருவில் உட்கார்ந்து அம்மா, அம்மா என்று அடித்துக்கொண்டு அழுதது. நானும் கூட உட்கார்ந்துகொண்டேன்.

உங்களிடம் உண்மை சொல்கிறேன். அப்போதும் வெறுத்தேன், இப்போதும் வெறுக்கிறேன். மனந்திரும்பினேன் என்று சொல்லமாட்டேன், அது மூன்றாவது பொய்யாகிவிடும். உங்கள் திருவிருந்துப் பந்தியில் எனக்கு இடம் வேண்டாம். நீங்கள் வளைக்க வேண்டாம், அண்ணா. திங்கட்கிழமை எரிந்த இடத்திலேயே மரத்தடியில் பள்ளிக்கூடம் வைக்கிறேன். இனி நீங்கள் எழுதாவிட்டாலும் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

லீதியாள்


ஆனந்தவிளை
8 ஏப்ரல் 1936

லீதியாள்,

நேற்று காரியதரிசி ஐயா வீட்டுக்கு வந்தார். உலகநாதனின் வக்கீல் சங்கத்துக்கு எழுதியிருக்கிறாராம். உங்கள் ஊழியக்காரி பகையை மறைத்துப் பொய்ச்சத்தியம் செய்தாள், அவள் வீட்டாரைக் கேட்டு எழுதுங்கள், மேல் கோர்ட்டில் வழக்கைத் திரும்ப எடுக்கிறோம் என்று. ஐயா என்னைக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். பீடத்தில் இருந்த வேதத்தின்மேல் கை வைக்கச் சொன்னார். உன் தங்கை மனதை உன்னைவிட அறிந்தவர் இல்லை, அந்த மனுஷன்மேல் அவளுக்கு வெறுப்பு உண்டா என்று கேட்டார்.

இல்லை ஐயா, ஒரு துளியும் இல்லை, அவனுக்காகத் தினமும் ஜெபிக்கிறாள் என்று சொன்னேன். அவர் கேட்டதற்கு மேலேயே சொன்னேன். அவர் திருப்தியாகப் போய்விட்டார், அப்படியே எழுதியும் அனுப்பிவிட்டார்.

நாளை மறுநாள் பெரிய வெள்ளி. மூன்று சபைக்கும் நான்தான் பிரசங்கம் செய்ய வேண்டும். ஒரு வரி எழுதவில்லை. வேதத்தின்மேல் வைத்த கை நடுங்கியிருந்தாலாவது மனது ஆறும். அது நடுங்கவே இல்லை, ஏட்டி.

ஈஸ்டருக்கு உன்னால் வந்து சேர முடியாது. மே மாத லீவுக்கு வா. பிள்ளையையும் கூட்டி வா. திருவிருந்துப் பந்திக்கு வெளியே, உன் பக்கத்தில்தான் இனி நானும் நிற்க வேண்டும்.

உன் அண்ணன்