பதினேழாம் எண் கன்று

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓவியா நலம். உன் முழங்கால் வலி தேவலையா? விஸ்வநத்தத்தில் மழை உண்டா? பெய்தால் உனக்கு லீவு கிடைக்குமே.

"ஏட்டி, மரம் வளர்றதுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று கேட்டாய். இந்தப் பின்லாந்துக் காட்டில் மரத்துக்கு மரம் எண் உண்டு. எது எப்படி வளரும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை.

போன வாரம் ஒரு வேடிக்கை. தீயில் செத்த ஒரு மரத்தின் பதினேழாம் எண்ணைத் தவறுதலாக ஒரு கன்றுக்குக் கொடுத்துவிட்டேன். எத்தனை முறை ஓட்டினாலும் கம்ப்யூட்டர் அந்தக் கன்றையும் எரித்தே காட்டியது. பேராசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் அறிவியல் படித்தவள், சகுனம் பார்ப்பதில்லை. ஆனாலும் அப்பா பட்டாசுக் கம்பெனித் தீவிபத்தில் போனபின் அவருடைய டோக்கன் நம்பரையே அங்கே உனக்குக் கொடுத்தார்களே, அதை மாற்றித் தரும்படி போர்மேனிடம் கேள். காரணம் கேட்டால், மகளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல். மாற்றும்வரை வேலைக்குப் போகாதே.

பஸ் வந்துவிட்டது. மாற்றியதும் போன் செய். எந்நேரமானாலும் விழித்துத்தான் இருப்பேன்.

உன் ஓவியா