இல்லை என்றாலும் ஆமாம்

நேற்று மேசை ஒன்று பார்க்க ஆயர் குரோவில் உள்ள பழைய தளவாடக் கடைக்குப் போனேன். உள்ளே வெயிலில் வெந்த போலித்தோலின் வாடை. மூலையில் நீளமாக ஒரு சாய்விருக்கை, உன் அறையில் கிடந்ததைப் போலவே. "படுத்துப் பாருங்க சார், சொகமா இருக்கும்லா" என்றார் கடைக்காரர். மேசையைப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டேன்.

நீ போய் ஓராண்டு ஆகிறது. உன் இறுதிச் சடங்கில் 'மனத்தின் ஆழம் கண்டவர்' என்று ஒருவர் உருகினார். பள்ளித் தோழன் என்பதால் நானும் கைகட்டி நின்றேன். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

லண்டனில் படித்துத் திரும்பி, மலாக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் 'உளப்பகுப்பாய்வு' என்று பலகை மாட்டினாய். அதன் பிறப்புக் கதையை எனக்குச் சொன்னதும் நீதான். நூறு ஆண்டுகளுக்கும் முன்பு வியன்னாவில் ஒரு நரம்பு மருத்துவர், கைகால் விளங்காத பெண்களைப் படுக்கவைத்துப் பேசவிட்டாராம். நரம்பில் கிடைக்காத நோய் நினைவில் கிடைத்ததாம். "மனசு மறைக்கிறத ஒடம்பு சொல்லிடும்டா" என்றாய். கேட்க அழகாகத்தான் இருந்தது. அதனால்தான் என் தங்கையை உன்னிடம் அழைத்து வந்தேன்.

பத்து பெரண்டாம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நாளெல்லாம் குனிந்து வேலை பார்க்கிறவள் அவள். வலது கையிலிருந்து பொருள்கள் நழுவத் தொடங்கியிருந்தன. நீ அந்தக் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கனவுகளைக் கேட்டாய். அம்மா கூப்பிடுவதுபோலவும், தான் திரும்பாமல் நடப்பதுபோலவும் ஒரு கனவைச் சொன்னாள். உடனே அம்மாவை வரவழைத்தாய்.

"ஒங்க மேல உள்ள கோவம்தாம்மா கையில எறங்கியிருக்கு. கை அடிக்க நெனைக்குது, மனசு தடுக்குது."

தங்கை பதறிப்போனாள். "ஐயோ, அப்படில்லாம் இல்லண்ணே! அம்மாவ நான் ஏன் அடிக்கப் போறேன்?"

"இவ்ளோ வேகமா இல்லங்கிறியே, அதுவே ஆமாம்தான்" என்றாய். என்ன ஒரு கண்டுபிடிப்பு!

அன்றிலிருந்து அம்மா அவளைத் திட்டுவதை நிறுத்தினார். விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோலச் சோறு போட்டார். நீ மாதக்கணக்கில் கனவு கேட்டுக்கொண்டிருந்தாய், கை மெலிந்துகொண்டே போனது. கடைசியில் நான்தான் அவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். கழுத்தெலும்புகளுக்கிடையே இருந்த சவ்வு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அறுவை செய்தார்கள். "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார் மருத்துவர். கை திரும்பியது. இரண்டு விரல்கள் மட்டும் இன்றுவரை மடங்குவதில்லை.

அதைச் சொல்ல உன் மாடிக்கு வந்தேன். ஒரு வருத்தச் சொல்லாவது வரும் என்று நினைத்த முட்டாள் நான். "நரம்புதான், சரி. ஆனா வலது கை ஏன்? அதையும் யோசிக்கணும்லா" என்றாய். நான் கத்தினேன். நீ புன்னகைத்தாய். "கோவம் வருதுல்ல? அதுக்குப் பேர்தான் எதிர்ப்பு."

கிளி ஜோசியக்காரன்கூடச் சொன்னது பொய்த்தால் தலையைச் சொறிவான். உன் சாத்திரத்தில் பொய்ப்பதற்கே இடமில்லை. ஒப்புக்கொண்டால் நீ சொன்னது சரி, மறுத்தால் இன்னும் சரி. இதை லண்டன்வரை போய்க் கற்றுவந்தாய்!

அறுவைக்குப் பிறகு தங்கை கட்டிலில் இருந்தபடி இடக்கையால் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களாம்மா, கழுத்துலதான் கோளாறு. ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

அம்மா அவள் தலையைத் தடவினார். "இல்லன்னு சொன்னா ஆமாம்னு அர்த்தமாமே, கண்ணு."

சாகும்வரை அம்மா அதைத்தான் நம்பினார். தங்கையின் கழுத்தில் இருந்ததை மருத்துவர் எடுத்துவிட்டார். அம்மாவின் காதில் நீ போட்டதை எடுக்க யாராலும் முடியவில்லை.

உன் பலகையை இறக்கிவிட்டார்கள். ஆனால் 'ஆழ்மனம்' என்ற சொல் வானொலியிலும் அலுவலகத்திலும் இன்னும் அலைகிறது. என்னிடமும் ஒட்டியிருக்கிறது. போன வாரம் என் மகள் எழுந்து வந்து, "நீங்க செத்துப்போற மாதிரி கனா கண்டேம்பா" என்றாள். ஒரு நொடி அவள் முகத்தை உற்றுப் பார்த்தேன், உன் பார்வையால். அவள் உதடு நடுங்கியபோதுதான் சுதாரித்து, "பயந்துட்டியா, வா" என்று அணைத்துக்கொண்டேன்.

எந்தத் தகப்பனுக்கும் முதலில் வரவேண்டிய சொல் அது. எனக்கு இரண்டாவதாக வருகிறது. முன்னால் நிற்கும் அந்த ஒரு நொடி, நண்பா, உன்னுடையது.