பார்க்க வேண்டிய இடங்கள்

ஆகஸ்ட் 4
மழை விட்டுவிட்டது. கம்பு ரொட்டி சுட்டேன், அடி கொஞ்சம் கருகியது. சதுப்பில் ஹில்லாப் பழம் இந்நேரம் பழுத்திருக்கும். நாளை சதுப்புக்குப் போக வேண்டும்.

ஆகஸ்ட் 5
எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன், நாளைக்கு மனசு இளகிவிடக் கூடாது.

மேட்டைத் தாண்டியதும் பிர்ச் மரங்களில் ஆரஞ்சு ரிப்பன். மரத்துக்கு மரம், கல்யாண வீட்டுக்கு வழி காட்டுவதுபோல. அம்மாவின் சதுப்புக்கு, என் சதுப்புக்கு! உள்ளே பத்துப் பன்னிரண்டு வெளியூர்க்காரர்கள். செடிக்கு ஒரே பழம் என்பதுகூடத் தெரியாமல், செடியோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அடுப்பு மூட்டிக் காபி போட்டுக்கொண்டு யார்? ரெய்யோ. என் சித்தி மகன் ரெய்யோ.

என்னைப் பார்த்து அவன் முகம் ஒரு நொடிகூட மாறவில்லை. "வா ஹெல்வி, வா!" என்றான். அவர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். உடனே ஒருத்தி என்னைப் போட்டோ எடுத்தாள். தலையில் கொசுவலையும் கையில் வாளியுமாக நின்ற என்னை. துருவமானை எடுப்பதுபோல எடுத்தாள்.

ரெய்யோவைத் தனியே இழுத்துக் கேட்டேன். "என்னடா பண்ணிட்டே?"

"காட்டுப் பழத்துக்கு வேலி போட முடியுமா? பறிக்கிறவங்களுக்குச் சொந்தம். சட்டமே அப்படித்தானே இருக்கு."

சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த ஊரில் யாரும் யாருக்கும் இடம் சொல்வதில்லை. "மோட்சத்துக்கு வழி கேட்டா சொல்லு, பழத்துக்கு வழி கேட்டா சொல்லாதே" என்பாள் அம்மா. நான் ரெய்யோவுக்குச் சொன்னேன். மரம் வெட்டும்போது விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தான், பெண்டாட்டியும் போய்விட்டாள், பாவம் என்று கைத்தாங்கலாக அழைத்துப் போய்க் காட்டினேன். பாவம் பார்த்ததற்குக் கூலி.

ஆகஸ்ட் 6
ரிப்பன்களை எல்லாம் அவிழ்த்தேன். ஒரு கை நிறைய வந்தது. கிழக்கே பச்சைப் பாசி மூடிய உளை இருக்கிறது, மேலே பார்த்தால் புல்தரை மாதிரி, காலை வைத்தால் இடுப்புவரை இழுக்கும். ரிப்பனை அந்தப் பக்கம் கட்டினால்?

இரண்டு மரத்தில் கட்டியும்விட்டேன். பிறகு யோசித்தேன், முதலில் இறங்கப்போவது அவனா? கேமராக்காரிதானே இறங்குவாள். அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுப்பில் போட்டேன், வீடெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம்.

இவனுக்கென்றே ஒன்று வேண்டும். இவனுக்கு மட்டும்.

ஆகஸ்ட் 19
மறுபடி போய்ப் பார்த்தேன். மாட்டுத் தொழுவம் மாதிரி மிதிபட்டுக் கிடக்கிறது. கால் வாளிகூடத் தேறவில்லை. மற்ற வருஷங்களில் பழத்தை விற்றுத்தான் குளிர்காலத்துக்கு விறகு வாங்குவேன்.

செப்டம்பர் 22
கடையில் ரெய்யோவைப் பார்த்தேன். புது வேன் வாங்கியிருக்கிறான். வேன் பக்கவாட்டில் பெரிய ஹில்லாப் படம். தலையாட்டினான். நானும் ஆட்டினேன். ஆட்டு தம்பி, ஆட்டு.

நவம்பர் 12
இன்று ஒரு நல்ல காரியம் நடந்தது. நகராட்சியிலிருந்து வென்லா வந்தாள், பள்ளியில் என்னிடம் பூகோளம் படித்த பெண். இப்போது சுற்றுலாவுக்குப் பொறுப்பு அவள்தான்.

"டீச்சர், நம்ம பகுதிக்கு ஒரு கையேடு போடறோம். நிலம், தொழில், பார்க்க வேண்டிய இடங்கள். தெற்கேயிருந்து ஆளைக் கூட்டிட்டு வந்து எழுதச் சொன்னா பனி, துருவ ஒளின்னு அதையே எழுதறாங்க. நீங்கதான் எழுதணும்."

"பார்க்க வேண்டிய இடம்னா, எது வேணாலும் எழுதலாமா?"

"நிஜமா இருந்தா போதும் டீச்சர். புதுசா இருந்தா ரொம்ப நல்லது."

அவள் போன பிறகு தனியே உட்கார்ந்து சிரித்தேன். கெட்ட சிரிப்புதான், தெரியும்.

டிசம்பர் 9
சூரியன் உதிப்பது நின்று பத்து நாளுக்கு மேல் ஆகிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நிலம் முடிந்தது: பனியாறு அரைத்து மழுங்கடித்த குன்றுகள், எண்ண முடியாத ஏரிகள், பைன் மரம் நின்றுபோய் பிர்ச் குட்டையாகும் எல்லை. தொழிலும் முடிந்தது: துருவமான், மரம், மீன், இப்போது எல்லாவற்றையும்விட விருந்தாளிகள். எல்லாம் சரியாக, நேர்மையாக எழுதியிருக்கிறேன்.

இனி மூன்றாவது.

டிசம்பர் 10
எழுதிவிட்டேன்.

"பழைய பாலத்திலிருந்து ஆற்றின் இடக்கரையோடு அரை மணி நடந்தால், பாறைகளுக்குப் பின்னால் ஒரு வளைவு. தண்ணீர் அங்கே சுழன்று நிற்கும். இந்த ஆற்றின் மிகப் பெரிய மீன்கள் இங்கேதான். கூடாரம் போடச் சமதளம் உண்டு."

ஒவ்வொரு சொல்லும் நிஜம். ரெய்யோவின் வேலிக்கு வெளியே இருக்கும் இடம், அரசு நிலம். அவன் நீராவிக் குளியல் முடித்து, சவுனாக் குடிலிலிருந்து ஆவி பறக்க அம்மணமாக இறங்கிவந்து அந்த வளைவில்தான் குதிப்பான். அவன் அப்பா மீன் பிடித்த இடம். அப்பா போன பிறகு ஒரு ஆளை அவன் அங்கே விட்டதில்லை. எனக்கு மட்டும் காட்டினான், பன்னிரண்டு வயதில், சத்தியம் வாங்கிக்கொண்டு.

சத்தியமா? அதையும் ரிப்பன் எரித்த அடுப்பிலேயே போட்டேன் என்று வைத்துக்கொள்ளட்டும்.

மே 28
ஏரியில் பனிக்கட்டி உடைந்தது. கையேடு வந்தது. வழவழப்பான தாள். என் பெயர் பின்னட்டையில்.

ஜூன் 15
பாலத்தருகே ஒரு வீட்டு வண்டி நிற்கிறது, படுக்கை அடுப்போடு வெளியூர்க்காரர்கள் ஓட்டி வருவது. ஒன்றுதான். பொறு ஹெல்வி.

ஜூன் 21
ஒன்பது வண்டி! சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வளைவு முழுக்கக் கூடாரம், தூண்டில், பாட்டு. ஒருவன் ரெய்யோவின் படகுத்துறையில் துணி காயப்போட்டிருந்தான்.

ஜூன் 24
கடைக்கார தைமி போனில் ஒரு படத்தைக் காட்டினாள், ஊரெல்லாம் சுற்றுகிறதாம். சவுனாவிலிருந்து ரெய்யோ வெளியே வருகிறான், உடம்பெல்லாம் சிவந்து, கையில் குளியலில் உடம்பைத் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக்கொத்து. எதிரே கரையில் ஒரு குடும்பமே கேமராவோடு உட்கார்ந்திருக்கிறது. கொத்தை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் நிற்கிறான்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். போட்டோவுக்குப் போட்டோ! "யாரு எழுதினாங்களோ" என்றாள் தைமி. அவள் சிரிக்கவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது.

ஜூலை 3
ரெய்யோ வந்தான். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து மேஜையில் கையேட்டைப் போட்டான்.

"நீதானே?"

"தண்ணிக்கு வேலி போட முடியுமா ரெய்யோ? சட்டம்."

கத்துவான் என்று காத்திருந்தேன். அதற்கு ஒரு வருஷமாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"கூட்டிட்டுப் போனவங்களுக்குத் திரும்பி வர வழி தெரியாது. சுத்தி சுத்தித்தான் கூட்டிட்டுப் போனேன், ரிப்பனையும் நானே அவிழ்த்துடுவேன், அந்தத் தடவை நீ முந்திக்கிட்டே. நான் வித்தது ஒரு நாள் கூத்து. நீ அச்சடிச்சிட்டியேடி. இனி அது போகுமா?"

"நல்லா வேணும்."

"அப்பா தூண்டில் போட்ட கல்லுல இப்போ எவனோ பல் தேய்க்கிறான்."

"நல்லா வேணும்னு சொன்னேன்ல!"

போய்விட்டான். நான் சொன்னது சரிதான். சரியாகத்தான் சொன்னேன். பிறகு ஏன் காபி இறங்கவில்லை?

ஜூலை 14
கடைக்குள் நுழைந்தேன். துருவமான் மேய்க்கும் ஊலாவும் தைமியும் ஏதோ பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல ஹெல்வி. கொசு ஜாஸ்தின்னு பேசிட்டிருந்தோம்."

வருஷா வருஷம் மான் குட்டிகளுக்குக் காதில் அடையாளம் வெட்டும்போது ஊலா என்னைக் கூப்பிடுவான். நான் கணக்கு எழுதுவேன், அவன் நாக்குக் கறி கொடுப்பான். இந்த வருஷம் வேலை முடிந்தே விட்டதாம். எங்கே வைத்து வெட்டினார்கள் என்று கேட்டேன். "அந்தப் பக்கம்" என்று கையை வீசினான். கை நான்கு திசையையும் காட்டியது.

ஜூலை 17
வென்லா போன் செய்தாள். "டீச்சர், அந்த ஆத்து வளைவு பயங்கர ஹிட்! அடுத்த பதிப்புக்கு இன்னும் அஞ்சு இடம் குடுங்க." ஒரு இடமும் தெரியாது என்றேன். சிரித்தாள். "உங்களுக்குத் தெரியாதா!"

மாலை தைமி கேட்டே விட்டாள். முட்டையைப் பையில் வைத்தபடி, முகம் பார்க்காமல். "எங்க சதுப்பையும் போடப் போறியா?"

"என்ன தைமி, உன் சதுப்பு எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாதே."

"தெரியாமலே இருக்கட்டும்."

அவன்தானே ஆரம்பித்தான்! அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! நான் பட்டதற்கு ஒருத்தராவது வாய் திறந்தார்களா? கேட்க வேண்டும், ஊரைக் கூட்டி நிறுத்திக் கேட்க வேண்டும்.

ஜூலை 18
கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2
ஹில்லா பழுத்துவிட்டது. அம்மாவின் சதுப்பில் மிதிபட்ட இடம் இன்னும் கறுப்பாகத்தான் கிடக்கிறது. இந்த வருஷம் எங்கே நன்றாக இருக்கிறது என்று யாரிடமும் கேட்கும் நிலையில் நான் இல்லை. அதனால் நெடுஞ்சாலை ஓரச் சதுப்புக்குப் போனேன், மின்கம்பிக்கு அடியில் இருக்கும் அதற்கு. தெற்கத்திக்காரர்களும் சோம்பேறிகளும் இறங்கும் இடம். உள்ளூர்க்காரர்கள் அங்கே பறித்தால் வெட்கக்கேடு.

ஹில்லாப் படம் போட்ட வேன் அங்கே ஏற்கெனவே நின்றது.

அவனிடமும் யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. இந்த வருஷம் அவன் ஆளும் கூட்டி வரவில்லை, கூட்டிப்போக இடமில்லை. அவன் அந்தக் கோடியில் குனிந்திருந்தான். திரும்பிப் போகலாமா என்று நினைத்தேன். நான் ஏன் போக வேண்டும்? இந்தக் கோடியில் ஆரம்பித்தேன். பழம் சின்னது, பாதி வெம்பல். ஒரு மணி நேரம் இரண்டு கோடியிலும் பறித்தோம்.

ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவர் கேட்டார், "இங்கே பழம் இருக்கா?"

"இல்ல" என்றேன். அதே நொடியில் அந்தக் கோடியிலிருந்தும், "இல்ல!"

கார் போய்விட்டது. அவன் நிமிர்ந்து என் பக்கம் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன்.

கிளம்பும்போது வேனைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அவன் வாளி வேன் படியில் இருந்தது. எட்டிப் பார்த்தேன், என்னுடையதில் பாதிகூட இல்லை. இடுப்பு வலி, குனிய முடியவில்லை போலிருக்கிறது.

ஒரு பிடி அள்ளி அதில் போடலாம் என்று கை போனது. போடவில்லை. இப்போதைக்கு இல்லை.