சத்தம் வர்றதுக்கு முன்னாடி

ஜூன் 8, ஞாயிறு

வெயில். காலையிலேர்ந்து நான் துடைத்தவை: பக்கத்து வீட்டு பிளாஸ்டிக் சேர், ஃபேன் ரெக்கை, டீ கிளாஸ். மூடியது: வாய். அம்மா உத்தரவு. "அவங்க போற வரைக்கும் நீ தெறக்கவே கூடாது."

சுகன்யா அக்காவைப் பொண்ணு பாக்க ராணிப்பேட்டையிலேர்ந்து வந்தாங்க. மாப்பிள்ளை தினேஷ், அவங்கம்மா. தோல் ஷாப்புங்களுக்கு கெமிக்கல் சப்ளை. சம்பந்தம் கொண்டுவந்தது நாட்றம்பள்ளி பெரியம்மா. நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள பேசி முடிக்கணும்னு எல்லாரும் பஜ்ஜியை மெல்லாமலே முழுங்கினாங்க. பிடிச்சிருக்காம். ஆடி பொறக்கறதுக்குள்ள நிச்சயம்.

அம்மாவுக்கு ஷூ கம்பெனியில செக்கிங் வேலை. அவங்க பையிலேர்ந்து சுட்ட 'க்யூ.சி. பாஸ்' ஸ்டிக்கர் ஒண்ணு மாப்பிள்ளை முதுகுல. ஒட்டினது யாருன்னு உலகத்துக்குத் தெரியாது.

கிளம்பும்போதுதான் வினை. கார் நீலம், ஜெர்மன்காரன் செஞ்சது, பெங்களூர்ல செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. பறக்கிற ரகம். ஸ்டார்ட் பண்ணார். நம்ம அக்கா டிப்ளமோ ஆட்டோமொபைல், பைபாஸ்ல கார் ஒர்க்‌ஷாப்ல வேலை. சும்மா இருக்குமா? பட்டுப்புடவையோட பானட்கிட்ட போய் நின்னுட்டா.

"எவ்ளோ ஓடியிருக்கு?"

"தொண்ணூறாயிரம்."

"பிக்எண்ட் பேரிங் மாத்தியாச்சா?"

"சத்தம் ஒண்ணும் வரலியே."

"சத்தம் வந்தப்புறம் மாத்தி பிரயோஜனம் இல்லைங்க. இந்த மாதிரி என்ஜினுக்கு முன்னாடியே மாத்திடணும். இல்லன்னா ஒருநாள் ஹைவேஸ்ல ராடு உடைஞ்சி வெளிய வந்துடும்."

இறங்கி வந்து கேட்டார். பேரிங்னா பிஸ்டன் ராடுக்கும் அது சுத்தி விடற கிராங்க்குக்கும் நடுவுல அரை வளையமா மெல்லிசு தகடு, அதுதான் தேயும், அடியில இருக்கிற ஆயில் சம்ப்பைக் கழட்டினா போதும், என்ஜினை இறக்க வேணாம். அக்கா கையாலயே வரைஞ்சி காட்டினா. அவருக்குக் கிராங்க் புரிஞ்சிச்சு. இவளுக்குக் கிறக்கம்.

பின்சீட்டுலேர்ந்து அவங்கம்மா: "மணி நாலு நாப்பது ஆவுது. வண்டிய எடுடா."

ஜூன் 9, திங்கள்

மேகம் மட்டும். மழை இல்ல. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாக்கி.

பெரியம்மா போன். நல்ல காரியம் பேசிட்டு வண்டி ஏறும்போது, அதுவும் ராகு காலத்துல, 'உடைஞ்சிடும்'னு ஒரு பொண்ணு சொல்லலாமான்னு மாப்பிள்ளையோட அம்மா கேட்டாங்களாம்.

அம்மா அக்காவை வறுத்தாங்க. "வாயில வேற வார்த்தையே வரலியாடி?"

"டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொன்னா அதுவும் அபசகுனமா?"

"அவங்க என்ன உன்கிட்ட பேஷண்டா வந்தாங்க?"

அப்பா பேப்பருக்குப் பின்னாடி. வழக்கம்போல அவுட் ஆஃப் கவரேஜ்.

பாத்திரம் கழுவும்போது கேட்டேன். "மூஞ்சி ஓகேவாக்கா?"

"மூஞ்சி சுமார். சொன்னா காது குடுத்துக் கேக்கறாரு."

அவ்ளோதான் சொன்னா. அதே சட்டியை மூணு தடவை கழுவினா.

ஜூன் 12, வியாழன்

அக்கா போனுக்கு மாப்பிள்ளைகிட்டேர்ந்து போட்டோ. சென்னையில வண்டியைப் பிரிச்சிட்டாராம். பேப்பர் மேல பழைய பேரிங்குங்க வரிசையா. ரெண்டுல மேல்பூச்சு தேஞ்சி செம்பு தெரியுது.

கீழ மெசேஜ்: நீங்க சொன்னது கரெக்ட். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா என்ஜினே காலியாம். எல்லாத்தையும் புதுசு போடச் சொல்லிட்டேன். தேங்க்ஸ் சுகன்யா.

பேரோட. பேருக்குப் பின்னாடி ஒரு 'ங்க' கூட இல்லாம. அக்கா அதை எத்தனை தடவை படிச்சான்னு நான் எண்ணல. எண்ணினா கால்குலேட்டர் வேணும்.

அம்மா கூட, "பரவால்ல, புத்திசாலின்னு தெரிஞ்சிருக்கும்" அப்படின்னாங்க. புது ஜாக்கெட் துணி எடுத்தாச்சு.

ஜூன் 14, சனி

சம்ப்பைக் கழட்டினாங்க. சம்பந்தமும் கழண்டுச்சு.

பெரியம்மா போன்ல கத்தினது ஸ்பீக்கர் போடாமலே கேட்டுச்சு. "கருநாக்காம்டி உன் பொண்ணுக்கு. அவ சொன்னா, சொன்ன மாதிரியே தேஞ்சி போச்சாம். நாளைக்கு எம்புள்ளைய பாத்து எதுனா சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு அழுவுது அந்தம்மா."

"ஏற்கெனவே தேஞ்சிதானே இருந்துச்சு? அதைத்தானே இவ சொன்னா?" அப்பா. முதல் தடவையா கவரேஜ்ல.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. பையன் அம்மா பேச்சைத் தாண்ட மாட்டான்."

தேயாம இருந்திருந்தா பொய்க்காரி. தேஞ்சிருந்தா நாக்கு கெட்டவ. எப்படிப் போட்டாலும் அக்கா அவுட். அம்பயரே அவன் அம்மா.

அதுக்கப்புறம் நடந்ததை எழுதவே பிடிக்கல. அம்மா அக்காவை டியூப்லைட்டுக்குக் கீழ நிறுத்தி, "நாக்கை நீட்டு" அப்படின்னாங்க. கம்பெனியில ஷூவைத் திருப்பித் திருப்பிப் பாப்பாங்களாமே, அந்த மாதிரி. இருபத்தி நாலு வயசுப் பொண்ணு. நீட்டினா.

மச்சம் இல்ல. ஒண்ணும் இல்ல.

சிரிக்க வைக்கலாம்னு, நாவப்பழம் தின்ன என் நாக்கை நானும் நீட்டினேன். "என்னுதையும் பாரும்மா, ஊதா நாக்கு. ராணிப்பேட்டைக்கே பூட்டு போட்டுடலாம்." முதுகுல ஒண்ணு விழுந்துச்சு. அடிச்சிட்டு அம்மாவே அழுதாங்க. அக்கா அழல. நாக்கை உள்ள இழுத்துக்கிட்டு போய்ட்டா.

ஜூன் 16, திங்கள்

லேசா தூறல். கெமிஸ்ட்ரி மிஸ் கையெழுத்து வாங்கியாச்சு.

தெருவுக்கும் தெரிஞ்சிடுச்சு. எதிர்வீட்டு ஆன்ட்டி புது ஸ்கூட்டி வாங்கியிருக்காங்க. அக்கா வேலைக்குக் கிளம்பும்போது வெளிய வந்து கவரைப் போட்டு மூடினாங்க. "தூறுதுல்ல, அதான்" அப்படின்னாங்க. நேத்து இதைவிட ஜாஸ்தி தூறுச்சு.

சாயங்காலம் அக்கா சாப்பிட்டுக்கிட்டிருந்தா. போன். திரையில 'தினேஷ்'. ஒரு நொடி அவ மூஞ்சி எப்படி ஆச்சுன்னா... வேணாம்.

இடது கையால ஸ்பீக்கர் போட்டா.

"ஹலோ, சிஸ்டர். ஒரு சின்ன டவுட்டு."

சிஸ்டர்.

"வண்டி டெலிவரி எடுத்துட்டேன். பேரிங் புதுசுல்ல, எப்படி ஓட்டணும்? இங்க மெக்கானிக்குங்க ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

நான் அக்கா எதிர்ல உக்காந்து சைகை காட்டினேன். சொல்லு, 'வாலாஜா டோல்கேட்லயே வெடிக்கும்'னு சொல்லு. கருநாக்குன்னு பட்டம் குடுத்தாச்சுல்ல, ஒரு தடவை யூஸ் பண்ணு.

அக்கா என்னைப் பாக்கல.

"முதல் ஆயிரம் கிலோமீட்டர் ரொம்ப மிதிக்காதீங்க. ஆயில் சூடாவற வரைக்கும் மெதுவா. ஆயிரத்துல ஆயிலும் ஃபில்டரும் மாத்திடுங்க."

"வேற ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது சார். நல்லா ஓடும்."

"தேங்க்ஸ் சிஸ்டர். அப்புறம், அம்மா சொன்னதை..."

கட் பண்ணிட்டா.

பாதி சோறு அப்படியே இருந்துச்சு. தட்டுலயே கை கழுவிட்டா.